காப்பி கிடாரும் திண்டுக்கல் பூட்டும்

எலக்ட்ரிக் கிடார் வச்சிருக்கேன்னு யாராவது சொன்னா நம்மாளுங்க ரெண்டே கேள்வியில ஆளை எடை போட்டுடுவாங்க. ஒண்ணு, "என்ன பிராண்டு?" ரெண்டு, "ஒரிஜினலா, காப்பியா?" காப்பின்னு பதில் வந்தா ஒரு "ஓ..." இழுப்பாங்க பாருங்க, அதுலயே பாதிப் பயலுக கிடாரைத் தூக்கிப் பரண் மேல போட்டுடுவாங்க. "எங்க, ஒரு பாட்டு வாசி பாப்போம்"னு மூணாவது கேள்வியை மட்டும் யாரும் கேக்குறதில்லை.

நான் காப்பி கட்சிங்க. கண்ணை மூடிக்கிட்டு இல்லை, சில நிபந்தனைகளோட. அதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, எதைக் காப்பி அடிக்கிறாங்கன்னு பாத்துடுவோம். உலகம் முழுக்க காப்பி அடிக்கப்படுற டிசைன்களை எண்ண ரெண்டு கை விரலே ஜாஸ்தி. ஃபெண்டர் கம்பெனியோட டெலிகாஸ்டர், பிரிசிஷன் பேஸ் (1951), ஸ்ட்ராட்டோகாஸ்டர் (1954), ஜாஸ் பேஸ் (1960). கிப்சன் கம்பெனியோட லெஸ் பால் (1952). அநேகமா இவ்வளவுதான். இதுல ஃபெண்டர் சமாச்சாரம் ரொம்ப சுவாரசியம். லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவுல ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவர். கடைசி வரைக்கும் அவருக்கு கிடார் வாசிக்கத் தெரியாது! மனுசன் கிடாரை வீணை மாதிரி குடைஞ்சு செய்யல. மரப்பலகையை அறுத்து, அதுல பள்ளம் எடுத்து, நெக்கை நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கிட்டார். நெக் போச்சா? கழட்டிட்டு வேற மாட்டு. அதாவது, இது பிறக்கும்போதே ஃபாக்டரியில மளமளன்னு அடிச்சுத் தள்ளுறதுக்காகப் பிறந்த டிசைன். மலிவா, சீக்கிரமா செய்யணும்னு யோசிச்ச பொருளை இன்னொருத்தன் இன்னும் மலிவா செஞ்சா அதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு?

சொல்லப்போனா லியோ 1965லயே கம்பெனியை சி.பி.எஸ்.க்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வித்துட்டார். 1991ல காலமாயிட்டார். இன்னைக்கு எரியோட்டுல ஒரு பையன் காப்பி ஸ்ட்ராட் வாங்குறதால அவர் வயித்துல அடிச்சதா ஆகாது.

அடுத்து, காப்பி அடிச்சவங்க கதை. 1970கள்ல ஜப்பான்காரங்க ஐபனெஸ், கிரெக்கோ, டோக்காய்னு வரிசையா இறக்குனாங்க. சும்மா இல்லை, நல்ல தரம். கிப்சனோட தாய்க் கம்பெனியான நார்லின், 1977ல ஐபனெஸை அமெரிக்காவுல விக்கிற எல்ஜர் கம்பெனி மேல கேஸ் போட்டுச்சு. கேஸ் எதைப் பத்தின்னு நினைக்கிறீங்க? கிடாரோட உடம்பைப் பத்தி இல்லை. தலை! அதாவது டியூனிங் சாவி இருக்குற மேல் பகுதியோட வடிவம். 1978ல சமரசம் ஆச்சு. ஐபனெஸ் தலையை மாத்திக்கிட்டு, சொந்த டிசைன்ல இறங்கி, இன்னைக்குத் தனக்குன்னு ஒரு கூட்டத்தையே வச்சிருக்கு.

ஃபெண்டர் வேற ரூட்டு. 1982ல ஜப்பான் வியாபாரிகளோட கூட்டு சேர்ந்து, கிரெக்கோ கிடார் செஞ்ச அதே ஃபியூஜிஜென் ஃபாக்டரியிலயே கிடார் செய்ய விட்டு, 'ஸ்கொயர்'னு பேர் வச்சு வித்தாங்க. தன் சரக்கைத் தானே காப்பி அடிச்சு, தானே கல்லா கட்டுற வித்தை :-) அப்புறம், ஸ்ட்ராட், டெலி, பி-பேஸ் உடம்பு வடிவத்தை டிரேட்மார்க்கா பதிவு பண்ணப் பாத்தாங்க. மத்த கிடார் கம்பெனிகள் எல்லாம் எதிர்த்து நிக்க, 2009ல அமெரிக்க டிரேட்மார்க் அலுவலகத்தோட தீர்ப்பாயம் முடியாதுன்னுடுச்சு. இத்தனை வருசமா இத்தனை பேர் செய்யுற வடிவம், இது உங்க ஒருத்தரோட அடையாளம் இல்லைன்னு அர்த்தம். ஆக, பேரும் தலையும் அவங்களுக்கு. உடம்பு ஊருக்கு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1991க்கு முன்னாடி வெளிநாட்டு கிடார் வாங்குறது நடக்குற காரியமா? இறக்குமதிக் கெடுபிடி, வரின்னு ஆயிரம். அப்ப கைகொடுத்தது கல்கத்தா கிடாருங்கதான். 'கிவ்சன்', 'ஹோப்னர்'னு பேரைப் பாருங்களேன். கிப்சனையும் ஹோஃப்னரையும் பாத்துக் கண்ணடிக்கிற மாதிரி இல்லை? எத்தனை பேர் விரல் பழகுனது அதுலதான். 1980களோட கடைசியில 'ஸ்கொயர் டூ'ங்கிற பேர்ல ஃபெண்டரோட மலிவு ஸ்ட்ராட்டே இந்தியாவுல தயாராகி வெளிநாட்டுக்குப் போயிருக்கு. நம்ம தோசையை நமக்குக் காட்டாம பக்கத்து ஊருக்குப் பார்சல் கட்டுன கதை.

எரியோடு, வேடசந்தூர், வடமதுரை பக்கம் கோயில் திருவிழான்னா மெல்லிசைக் கச்சேரி இல்லாம இருக்காது. அதுல பாதிக்கு மேல ராஜா பாட்டு. ராஜா பாட்டுன்னா பேஸ் கிடார் இல்லாம கதை ஆகுமா? சசிதரன் வாசிச்ச பேஸ் எல்லாம் பாட்டுக்குள்ள ஓடுற இன்னொரு பாட்டு. அதைக் கீபோர்டுல இடது கையால ஒப்பேத்துனா கூட்டத்துக்கே தெரிஞ்சு போகும். இப்ப கணக்குப் போடுங்க. அமெரிக்கத் தயாரிப்பு ஃபெண்டர் பேஸ் ஒண்ணு லட்சத்தைத் தாண்டும். ஒரு ராத்திரி கச்சேரிக்கு பேஸ் வாசிக்கிறவர் கையில நிக்கிறது சில ஆயிரம். அதுவும் சீசன்ல மட்டும். அப்புறம் அவர் என்ன வாங்குவார்? காப்பிதான் வாங்குவார். அந்தக் காப்பி இல்லைன்னா நம்ம ஊர்த் திருவிழாவுல பேஸே இல்லை. விசயம் அவ்வளவு சிம்பிள்.

"மலிவு வாத்தியம்னா மட்டம்"னு சொல்றவங்களுக்கு ஒரே ஒரு பேர்: பால் மெக்கார்ட்னி. 1961ல ஹாம்பர்க்ல அவர் வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸ் வாங்குனது ஃபெண்டர் வாங்கக் காசு இல்லாததால. சுமார் 30 பவுண்டுதான். 1972ல திருடு போன அந்த பேஸ் திரும்பக் கிடைச்சிடுச்சுன்னு 2024ல அறிவிச்சப்ப உலகப் பத்திரிகை எல்லாம் எழுதுச்சு. இப்ப அந்த 'மலிவு' பேஸையே ஊரெல்லாம் காப்பி அடிக்குது!

இந்த இடத்துல யாராவது நறுக்குன்னு கேப்பீங்க: "ஏன்யா, நீ திண்டுக்கல் ஜில்லாக்காரன். அலிகார் பூட்டு வந்து நம்ம பூட்டுத் தொழிலைப் படுக்க வச்சிருச்சுன்னு புலம்புவ. கிடார்னா மட்டும் காப்பிக்குக் கொடி பிடிப்பியா?"

நியாயமான கேள்வி. பல நாள் யோசிச்சேன். என் பதில் இதுதான். அலிகார்ல மிஷின்ல பூட்டு செஞ்சு, அலிகார் பூட்டுன்னே விக்கிறது போட்டி. வருத்தமா இருந்தாலும் தப்புன்னு சொல்ல முடியாது. அதையே 'திண்டுக்கல் பூட்டு'ன்னு சொல்லி வித்தா அது ஏமாத்து. 2019ல நம்ம பூட்டுக்குக் கிடைச்ச புவிசார் குறியீடும் அந்தப் பேருக்குத்தானே பாதுகாப்பு? பூட்டுங்கிற பொருளை வேற யாரும் செய்யக்கூடாதுன்னு அது சொல்லலை. பிரியாணியும் அப்படித்தான். சீரகச் சம்பா போட்டு யார் வேணா தம் கட்டலாம். 'தலப்பாக்கட்டி'ங்கிற பேர்ல கை வச்சப்பதான் விவகாரம் ஐகோர்ட் வரைக்கும் போச்சு.

கிடாருக்கும் அதே கோடுதான். ஸ்ட்ராட் வடிவத்துல செஞ்சு சொந்தப் பேர் போட்டா காப்பி. வாங்குறவனுக்கு என்ன வாங்குறோம்னு தெரியும். தலையில 'ஃபெண்டர்', 'கிப்சன்'னு ஸ்டிக்கர் ஒட்டி வித்தா அது போலி. அதை வாங்காதீங்க, வித்தா சும்மாவும் விடாதீங்க. பழைய கிடார் வாங்கப் போற பையன் ஒரு வருசச் சேமிப்பை அந்த ஸ்டிக்கருக்குத்தான் பறிகொடுக்கிறான்.

எனக்கு உண்மையான கோபம் வேற இடத்துல. அது மோசமான காப்பி மேல. கம்பி ஃப்ரெட்டுக்கு மேல அரை இஞ்ச் பறக்குது, அமுக்குனா விரல் கிழியுது, டியூன் பண்ணி அஞ்சு நிமிசம் நிக்க மாட்டேங்குது. அப்பா அம்மா மில்லுக்குப் போய் சம்பாதிச்ச காசுல வாங்குன கிடார். ரெண்டு மாசம் பாத்துட்டு, "நமக்கு இசை ஞானம் இல்லை போல"ன்னு பையன் விட்டுடுறான். ஞானம் இல்லாதது அவனுக்கு இல்லைங்க, அந்த நெக்குக்கு! இப்ப சி.என்.சி. மிஷின் வந்த பிறகு சீனாவுலயும் இந்தோனேசியாவுலயும் செய்யுற காப்பிங்க எவ்வளவோ தேவலை. மரத்தை வெட்டுறது துல்லியமா ஆயிடுச்சு. கடைசி நேர கைவேலையில மட்டும் இன்னும் காசு மிச்சம் பிடிக்கிறாங்க.

அதனால வாங்கும்போது நாலு விசயம் பாருங்க:

1. நெக்கை ஒரு கண்ணை மூடி நீளவாக்குல பாருங்க. முறுக்கிக்கிட்டு இருந்தா வேண்டவே வேண்டாம். லேசான வளைவுன்னா உள்ளே இருக்குற கம்பியைத் திருகிச் சரி பண்ணிக்கலாம்.
2. 12வது ஃப்ரெட்ல கம்பி உயரம் 2 மில்லிமீட்டர் பக்கம் இருந்தா நல்லது. பேஸுக்குக் கொஞ்சம் கூடுதலா இருக்கலாம்.
3. அதே ஃப்ரெட்ல கம்பியை மேலோட்டமாத் தொட்டு மீட்டுனா வர்ற ஸ்வரமும், அமுக்கி மீட்டுனா வர்ற ஸ்வரமும் ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா பிரிட்ஜ்ல அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க.
4. ஃப்ரெட் ஓரம் கையைக் கீறுதான்னு பாருங்க.

பட்ஜெட்ல ஒரு ஆயிரமோ ரெண்டாயிரமோ ஒதுக்கி, தெரிஞ்ச ஆள்கிட்ட செட்டப் பண்ணிக்கிட்டா, பன்னிரண்டாயிரம் ரூபா காப்பி நிம்மதியா கச்சேரி தாங்கும்.

கடைசியா ஒரு ஆதங்கம். காப்பியில ஆரம்பிச்ச ஜப்பான், சொந்த டிசைனுக்குப் போயிடுச்சு. நாம இன்னும் காப்பியிலயே நிக்கிறோம். ஒரு சாவிக்கு இன்னொரு சாவி ஒத்துப்போகாம கையாலயே லீவர் அறுக்கத் தெரிஞ்ச ஊருங்க இது. டியூனிங் சாவி, பிரிட்ஜ் எல்லாம் அந்தக் கைகளுக்கு முடியாத வேலையா? யாராவது காசு போட்டு முயற்சி பண்ணா, முதல் பேஸ் எனக்குத்தான். சொல்லி வச்சிடுறேன்.

டிஸ்கி: "ஒரிஜினல் சவுண்டே தனி சார்"னு சண்டைக்கு வரும் அன்பர்கள், கண்ணைக் கட்டிக்கிட்டு எது எதுன்னு கண்டுபிடிச்சுட்டு வரவும். பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு :-)