மியாமியை மூழ்கடித்த வகுப்பறைப் படம்!

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, 16 எம்.எம் புரொஜெக்டரை டீச்சர் ஓடவிட்டால் வகுப்பே குஷியாகிவிடும். 1950, 60-களில் அமெரிக்கப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்தக் 'கரகர' சத்தம் மறக்காது. அன்றைக்கு நோட்ஸ் எழுத வேண்டாம், அறிவியல் படம் பார்த்தால் போதும்!

அப்படி ஓடியவற்றில் பிரபலமானவை, பெல் தொலைபேசி நிறுவனத்தின் படங்கள். சூரியன், ரத்தம், காஸ்மிக் கதிர், வானிலை என முதல் நான்கையும் தயாரித்தவர், ஹாலிவுட்டின் பெரிய இயக்குநர் ஃபிராங்க் காப்ரா. முதலில் டி.வி-யில் ஒளிபரப்பாகி, பிறகு பள்ளிகளுக்கு வந்தன.

நான்கிலும் 'டாக்டர் ரிசர்ச்' என்று ஒருவர் வருவார். வழுக்கைத் தலை, கண்ணாடி, நம்ம வீட்டுத் தாத்தா மாதிரி சிரிப்பு. நடித்த ஃபிராங்க் பாக்ஸ்டர் விஞ்ஞானியே இல்லை... ஆங்கில இலக்கியப் பேராசிரியர்! கார்ட்டூன் பாத்திரங்களோடு அவர் பேசப் பேச, பாடம் கதையாகிவிடும். இன்று பார்க்கும்போது அந்தக் கார்ட்டூன்களும் நாடகத்தனமான வசனங்களும் சிரிப்பை வரவழைக்கும்.

ஆனால், 1958 பிப்ரவரியில் வெளியான வானிலைப் படம் 'தி அன்செயின்ட் காடஸ்'-ல் ஓர் இடத்தில் சிரிப்பு நின்றுவிடும். தொழிற்சாலைகளும் கார்களும் கக்கும் கார்பன் டை ஆக்ஸைடால் பூமி சூடாகலாம் என்கிறார் பாக்ஸ்டர். துருவப் பனி உருகி, மூழ்கிப்போன மியாமி நகரத்தின் கோபுரங்களைக் கண்ணாடி அடித்தளப் படகில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொல்கிறார்.

அடுத்த மாதம்தான், ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங்கின் கார்பன் டை ஆக்ஸைடு அளவீடு தொடங்கியது. அப்போது காற்றின் 10 லட்சம் பங்கில் சுமார் 315 பங்கு கார்பன் டை ஆக்ஸைடு. இன்று அது 420-ஐத் தாண்டிவிட்டது.

படத்தில் வருவதுபோல கோபுரங்கள் மூழ்க, இன்னும் பல நூற்றாண்டுகள் ஆகும். ஆனால், மியாமி பீச்சில் மழையே இல்லாத நாளிலும், கடல் ஏற்றத்தின்போது தெருவில் தண்ணீர் நிற்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்த 10 வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது 75 வயதுக்கு மேல். பாடம் அன்றைக்கே நடத்தியாகிவிட்டது. கேட்டவர்கள்தான் பெல் அடித்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

முழுப் படமும் இணையத்தில் கிடைக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். லீவு நாளில் வீட்டுக் குட்டீஸோடு உட்கார்ந்து பாருங்கள். கார்ட்டூனுக்கு அவர்கள் சிரிக்கட்டும். மியாமி வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பேசுங்கள்!