ஒரு டன் நெல்லுக்கு இரண்டு ராத்திரி

சிக்கனத்துக்கு யோசனை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பயம். யாருடைய வயிற்றில் அடித்துச் சிக்கனம் செய்வது என்பதை அவர்கள் சொல்வதே இல்லை. இப்போது குடும்பத்தோடு ஏதாவது ஒரு பண்ணைக்குப் போய் விடுமுறையைக் கழிப்பது நாகரிகமாகியிருக்கிறது. நாகரிகம் வந்தால் செலவு வரும். செலவு வந்தால் யோசனைக்காரர்கள் வருவார்கள். "சனி ஞாயிறு போகாதீர்கள், செவ்வாய் புதனில் போங்கள். குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம் என்று அடித்துப் பேசுங்கள். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். விடுதியை விட்டுவிட்டு நேரே குடியானவனிடம் போய்ப் பேசினால் கால் விலைக்குப் படியும்." இந்தக் கடைசி யோசனைதான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது. நேரே குடியானவரிடம் போகச் சொல்வது சரி. அவரைக் கால் விலைக்குப் படிய வைக்கச் சொல்கிறார்களே, அது சிக்கனம் அல்ல, திருட்டு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். என் உறவினர் ஒருவர், மனைவி, இரண்டு குழந்தைகளுடன் திருத்தணி மலைகளைப் பார்த்தாற்போல் அமைந்த ஒரு பண்ணை விடுதியில் சமீபத்தில் இரண்டு ராத்திரி தங்கி வந்தார். விடுதியின் பெயர் வேண்டாம். ஒன்றைச் சொன்னால் மற்றவையெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். அறை வாடகை ராத்திரிக்கு 5,000 வீதம் 10,000 ரூபாய். அதற்கு நூற்றுக்கு ஐந்து வரி 500. (2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் இந்த வரி பன்னிரண்டாக இருந்தது. குறைந்த ஏழும் வாடகையில் ஏறிக்கொண்டதா என்று கேட்டேன். உறவினர் சிரித்தார்.) காலைப் பலகாரம் வாடகையில் சேர்த்தி. மற்றபடி ஒரு வேளைச் சாப்பாடு தலைக்கு 450. நான்கு பேர், நான்கு வேளை, 7,200 ரூபாய். மாட்டு வண்டியில் ஒரு சுற்று தலைக்கு 150, ஆக 600. 'பால் கறக்கும் அனுபவம்' தலைக்கு 200, ஆக 800. சென்னையிலிருந்து போகவர வாடகைக் கார், இரண்டு நாள் காத்திருந்ததற்கும் சேர்த்து 6,500. மொத்தம் 25,600 ரூபாய்.

2025-26 பருவத்துக்குத் தமிழ்நாட்டு அரசு சாதாரண ரக நெல்லுக்கு, மத்திய அரசின் ஆதார விலையோடு தன் ஊக்கத்தொகையையும் கூட்டி, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் கொடுத்தது. 25,600 ரூபாய்க்குப் பத்துக் குவிண்டாலுக்கு மேலேயே வருகிறது. அதாவது ஒரு டன். நாற்று விட்டு, நட்டு, களை பறித்து, அறுத்து, அடித்து, கொள்முதல் நிலையத்து வாசலில் மழைக்கு அஞ்சித் தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரியெல்லாம் காவல் இருந்து விற்கிற ஒரு டன் நெல்லின் விலையை ஒரு குடும்பம் இரண்டு ராத்திரியில் செலவழித்து வந்திருக்கிறது. செலவழித்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சம்பாதித்த பணம்; குழந்தைகளின் சந்தோஷத்துக்கு விலை ஏது? ஆனால் இந்த 25,600-இல் நெல் விளைவிக்கிறவன் கையில் எத்தனை போயிற்று என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பால் கறந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவின் நிறுவனம் பசும்பால் கொள்முதல் விலையை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32-இலிருந்து 35 ரூபாயாக உயர்த்தியது. 2023 டிசம்பரில் அரசு அதன் மேல் மூன்று ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. ஆக 38 ரூபாய், அதுவும் பாலில் கொழுப்பும் சத்தும் சொன்ன அளவில் இருந்தால். ஒரு மாட்டுக்காரர் 200 ரூபாய் பார்க்க ஐந்து லிட்டருக்கு மேல் பால் ஊற்ற வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை பசுவின் மடியைக் கால் நிமிஷம் தொட்டுவிட்டு, "ஐயே, சூடா இருக்கு!" என்று கையை இழுத்துக்கொள்வதற்கும் அதே 200. அந்தப் பசுவாவது விடுதியின் சொந்தப் பசுவா என்றால், அதுவும் இல்லையாம். பக்கத்து ஊர்க்காரருடைய மாடு. காலையில் ஓட்டிக்கொண்டு வந்து, படம் எடுத்தானதும் திருப்பி ஓட்டிக்கொண்டு போகிறார். அவருக்கு நாளைக்கு நூற்றைம்பது ரூபாய் தருவதாக என் உறவினரின் பையன்தான் விசாரித்து வந்து சொன்னான். பெரியவர்களுக்குத் தோன்றாத கேள்வி அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

எது பண்ணை, எது பண்ணை வேஷம் போட்ட ஓட்டல் என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இத்தாலி தேசத்தில் 1985-ஆம் வருஷமே இதற்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். 2006-இல் அதைப் புதுப்பித்தார்கள். விருந்தினரை வைத்துப் பணம் வாங்கலாம். ஆனால் வாங்குகிறவர் விவசாயியாக இருக்க வேண்டும், விவசாயம்தான் பிரதானமாக இருக்க வேண்டும், விருந்தோம்பல் அதற்குத் துணையாக வர வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டில் மராட்டியப் பக்கத்தில் பாண்டுரங்க தாவரே என்பவர் 2005 வாக்கில் பாராமதி அருகே இந்த முறையைத் தொடங்கிவைத்தார். விவசாயி தன் வீட்டிலேயே நகரத்தாரைத் தங்கவைத்து, தன் வயலையே காட்டி, தன் சமையலையே போட்டு, கைக்கு நேரே பணம் வாங்குகிற முறை. 2020-இல் மகாராஷ்டிர அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. நாம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு விவசாயியை விட்டுவிட்டோம். புல்தரை, நீச்சல் குளம், குளிர்சாதன அறை, நான்கு வாழை மரம், ஒரு கயிற்றுக் கட்டில்: பண்ணை ஆயிற்று!

இன்னொரு கூட்டம் இதைவிடப் பெரிய சிக்கனம் சொல்கிறது. "வாடகையை ஏன் வீணாக்குகிறீர்கள்? கால் ஏக்கர் பண்ணை நிலம் வாங்கிப் போட்டுவிடுங்கள். வாரா வாரம் உங்கள் சொந்தப் பண்ணையிலேயே விடுமுறை!" திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குப் போகிற சாலையில் போனால் தெரியும், நேற்று வரை நெல்லோ வேர்க்கடலையோ விளைந்த நிலத்தில் கல் நட்டு, வர்ணம் பூசி, கொடி கட்டியிருப்பார்கள். வாங்கியவர் முதல் மாதம் நான்கு தடவை போவார். அடுத்த மாதம் ஒரு தடவை. பிறகு முள்வேலிக்கு ஒரு செலவு, ஆழ்குழாய்க் கிணற்றுக்கு ஒரு செலவு, காவல்காரருக்கு மாதச் சம்பளம். வருஷத்தில் மூன்று நாள் தங்குவதற்கு அந்தக் குடும்பம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் செலவு செய்கிறது. நிலமோ விளைவதை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கிறது. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. அதைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ம.பொ.சி.யும் அவரோடு பலரும் கிளர்ச்சி செய்து சிறைக்குப் போனார்கள். ஒவ்வொரு அடி மண்ணுக்கும் வாதாடி வாங்கினோம். இப்போது அடிக்கணக்கில்தான் விற்கிறோம்.

சரி, திட்டியது போதும். நீ எங்கே போகச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். மணவூரைச் சொல்கிறேன். மணவூர் ஓர் அடையாளத்துக்குத்தான். அரக்கோணம் மார்க்கத்தில் எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் இதே பேச்சுதான்.

சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் வளாகத்தில், நின்று நின்று போகிற அரக்கோணம் மின்சார ரயிலில் ஏறிக்கொண்டால், திருவள்ளூர் தாண்டி, கடம்பத்தூர் தாண்டி, செஞ்சி பானம்பாக்கத்துக்கு அடுத்தது மணவூர். ஏறக்குறைய ஒன்றரை மணிப் பிரயாணம். டிக்கெட் ஆளுக்கு இருபது ரூபாய்க்குள். ஸ்டேஷனில் இறங்கினால் வரவேற்க யாரும் மாலையோடு நிற்க மாட்டார்கள். வயல் நிற்கும். அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ரத்தின சபை அங்கே இருக்கிறது, காரைக்கால் அம்மையாரின் ஊரும் ஆயிற்று. திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதும் திருவாலங்காட்டில்தான். அரைவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போவதை வரப்பில் உட்கார்ந்து பார்க்கிற குழந்தைக்கு, சர்க்கரை கடையில் விளைவதில்லை என்பது புரிந்துவிடும். இதற்கு 'அனுபவக் கட்டணம்' யாரும் கேட்பதில்லை.

அந்தப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் எனக்குச் சில வருஷமாகப் பழக்கம். மூன்று ஏக்கர் சொந்த நிலம், ஒரு கிணறு, இரண்டு கறவை. தெரிந்த குடும்பம் ஒன்றை அவர் வீட்டில் இரண்டு நாள் தங்கவைக்க முடியுமா என்று கேட்டேன்.

"வரட்டும் சார், நாலு பேரு வந்தா இன்னா? சோறா இல்ல?" என்றார்.

"எவ்வளவு கொடுக்கச் சொல்லட்டும்?"

மனிதர் முகம் சிவந்துவிட்டது. "இன்னா சார் இது, வந்தவங்ககிட்ட சோத்துக்குத் துட்டு வாங்கறதா? ஊருல பாத்தா இன்னா பேசுவாங்க?"

அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்தார். "அவரு அப்படித்தாண்ணா சொல்லுவாரு. எண்ணெய் இன்னா வெலை, அரிசி இன்னா வெலைன்னு எனக்குத்தான தெரியும்" என்று சொல்லிவிட்டு, தொகை எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

யோசனைக்காரர்கள் சொல்கிற கால் விலை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. குடியானவருக்குப் பேரம் தெரியாது என்பதில்லை. மாட்டுச் சந்தையில் அவரிடம் பேசிப் பாருங்கள், தெரியும். வீட்டுக்கு வந்தவரிடம் பேரம் பேச அவருக்கு வெட்கம். அவருடைய வெட்கத்தைத்தான் நம்மவர்கள் மிச்சம் என்று பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். 'பாவம், எவ்வளவு நல்ல மனுஷர்கள், ஒன்றுமே வாங்கிக்கொள்ளவில்லை' என்று வந்து சொல்கிறார்களே, அவர்கள் வீட்டுக்கு அந்த நல்ல மனுஷர் குடும்பத்தோடு நான்கு நாள் தங்க வந்தால் தெரியும் கதை! அந்தக் காலத்தில் ஊருக்குப் போகிற வழக்கம் இருந்ததே, அதில் கணக்கு உண்டு. சித்தப்பா வீட்டில் ஒரு மாதம் தின்றோம் என்றால், சித்தப்பா பையன் பட்டணத்தில் நம் வீட்டிலிருந்து காலேஜ் படித்தான். நமக்கு இப்போது ஊரில் சித்தப்பா இல்லை, நிலத்தை விற்றாகிவிட்டது. திருப்பிச் செய்ய வழியில்லாதவன் காசாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

என் கணக்கு இது. தங்குவதற்கு ராத்திரிக்கு 1,000 வீதம் 2,000. சாப்பாடு, நாளொன்றுக்குத் தலைக்கு 500. நான்கு பேர், இரண்டு நாள், 4,000. சமைக்கிற அம்மாளின் உழைப்பும் இதில் சேர்த்தி. அது இலவசம் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து ஓட்டலுக்கே போய்விடுங்கள். குழந்தைகளை வயலுக்குக் கூட்டிப் போய்க் காட்டுகிறவர் அன்றைக்குத் தன் வேலையை விட்டுவிட்டு வருகிறார். நூறு நாள் வேலைத் திட்டத்திலேயே 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு நாட்கூலி 336 ரூபாய். வயல் வேலை தெரிந்தவருக்கு 600 கொடுப்பது அதிகமில்லை. ரயில் போகவர நான்கு பேருக்கு 160-ஐத் தாண்டாது. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்குப் போகவர 300. கூட்டினால் 7,060 ரூபாய். என் உறவினர் செலவழித்ததில் 18,540 ரூபாய் மிச்சம். யாரிடம் மிச்சம் பிடித்தோம்? காரில், குளிர்சாதனத்தில், நீச்சல் குளத்தில், வாடகைப் பசுவில். குடியானவர் வீட்டுக்கு நேரே போய்ச் சேர்ந்தது 6,600.

"வசதி இருக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கழிப்பறை எப்படி, தண்ணீர் எப்படி என்று போவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கொசுவலை எடுத்துப் போங்கள். பாம்பு உண்டா என்றால் உண்டு. ராத்திரியில் டார்ச் இல்லாமல் வரப்பில் நடக்காதீர்கள். குழந்தை தயிர் சாதத்தைத் தவிர எதையும் தொடாது என்றால் அதைச் சொல்லிவிடுங்கள், அந்த அம்மாள் கோபித்துக்கொள்ள மாட்டார். நீங்கள் போய், "எங்கள் பையன் பீட்ஸாதான் சாப்பிடுவான்" என்று அங்கே சிரிக்காதீர்கள். அது ஒன்றைத்தான் அவர்களால் தாங்க முடியாது.

எப்போது போவது என்பதில் யோசனைக்காரர்களுடைய 'கூட்டமில்லாத காலம்' எனக்கு ஒப்புதல் இல்லை. விளைச்சல் இல்லாத காலத்தில் பண்ணைக்குப் போவது, கச்சேரி முடிந்தபின் சபாவுக்குப் போவதைப் போலத்தான். இந்த ஜில்லாவில் சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று போகமும் உண்டு. காலாண்டுப் பரீட்சை முடிந்த விடுமுறையில் சம்பாப் பயிர் வயலில் நிற்கும். அரையாண்டு விடுமுறையில் கதிர் முற்றிக்கொண்டிருக்கும். மே மாதம் சொர்ணவாரி நிற்கும், வெயிலும் நிற்கும், கைக்குழந்தைக்காரர்கள் வேண்டாம். நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் மட்டும் முன்கூட்டிக் கேட்காமல் போய் நிற்காதீர்கள். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பே வேறு கணக்கில் எரியும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பணத்தைப் போய் இறங்கியவுடனே கொடுத்துவிடுங்கள். அதுவும் வீட்டு அம்மாள் கையில். புறப்படுகிறபோது கொடுத்தால் அவர் வாங்க மாட்டார். வற்புறுத்தி வாங்க வைத்தாலும், ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்து, ரயில் கிளம்புகிற சமயத்தில் அதில் ஐந்நூறை எடுத்து உங்கள் குழந்தையின் கையில் திணித்துவிடுவார்.