நட்சத்திரமும் வேம்பும்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கினால், நம் இல்லங்களில் முதலில் வெட்டுப்படுவது வேம்புதான். நட்சத்திர விளக்கு தெருவுக்குத் தெரியவேண்டுமாம்! விருந்தினர் வருவார்களென்று முற்றத்துக்குச் சிமெண்டு பூசுகிறோம். மஞ்சள் இலை பழுப்பேறினால் அழகில்லையென்று பிடுங்கி எறிகிறோம். கிழங்கு முற்றுவதன் அடையாளமே அப்பழுப்பு என்பதை மறந்துவிடுகிறோம். பிறகு பிளாஸ்டிக் மரமொன்றைக் கூடத்தில் நிறுத்திப் பஞ்சால் பனி தூவுகிறோம். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த மண்ணுக்குப் பனி எதற்கு? 1223-இல் கிரேச்சோ சிற்றூரில் அசிசியார் அமைத்த குடிலில் இருந்தவை வைக்கோலும் மாடும் கழுதையுமே.

'சருகைக் கூட்டி மாளவில்லை' என்பது நம் வழக்கமான சாக்கு. கூட்டிக் கொளுத்துவானேன்? வேரடியில் பரப்பினால், மழை ஓய்ந்தபின் தையிலும் மாசியிலும் ஈரத்தைக் காக்கும். வெற்றிலைக் கொடி தழைப்பதும் அந்நிழலில்தான். முற்றத்தைப் பூசி முடித்தபின், சளி பிடித்த பிள்ளைக்குக் கற்பூரவல்லி தேடி அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவர்களும் நாமே.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் படைப்பைப் பேணுமாறு 'லவுதாத்தோ சி' மடலை வெளியிட்டபோது, பீடத்திலிருந்து அதைப் பாராட்டிப் பேசினோம். அவ்வாண்டு திசம்பரில் தோரண விளக்குகளுக்காகக் கோயில் வளாகத்துப் புங்கையைக் கழித்தார்கள். பார்த்துக்கொண்டுதான் நின்றோம். மரம் மீண்டும் தழைத்திருக்கிறது. இவ்வாண்டு குடில் அதனடியிலேயே அமையும். நட்சத்திரம் சற்றுத் தாழவே தொங்கட்டும்.