மூன்று நாள் களிம்பும் போகாத படர்தாமரையும்

உழவர் உடல்நலம்: கேள்வி - பதில்

வெயிலும் வியர்வையும் ஒரு பக்கம், மழையும் சேறும் மறுபக்கம் என்று இருக்கும் இந்தப் பருவத்தில் தோல் பற்றிய கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

“எனக்கு வயது 34. நெல், காய்கறி வேலைக்குப் போகிறேன். எட்டு மாதமாக இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்ட வட்டமாகப் படை. இரவில் அரிப்பு தாங்க முடியவில்லை. மருந்துக் கடையில் சொல்லி ஒரு களிம்பு வாங்கிப் போட்டேன். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. இதுவரை பத்துப் பதினைந்து டியூப் வாங்கியிருப்பேன். இப்போது கணவருக்கும் ஆறு வயது மகளுக்கும் வந்துவிட்டது. இடம் அப்படி என்பதால் டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. இது ரத்தத்தில் உள்ள கோளாறா? என்ன செய்யலாம்?”
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மணப்பாறை வட்டம்.

ரத்தக் கோளாறு இல்லை, சகோதரி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது படர்தாமரை. சுத்தமில்லாததால் வந்தது என்று யாராவது சொன்னாலும் மனம் நோக வேண்டாம். நாள் முழுக்க வியர்வையோடும் ஈரத் துணியோடும் வேலை செய்கிற யாருக்கும் வரக்கூடியது.

இதை உண்டாக்குவது ஒரு பூஞ்சணம். நெல்லில் குலைநோயை உண்டாக்குவதும் பூஞ்சணம்தான், இனம் வேறு. இது நம் மேல்தோலைத் தின்று வாழும். சூடு, ஈரம், காற்றுப் புகாத இறுக்கம் மூன்றும் சேர்ந்தால் செழிக்கும். அதனால்தான் பாவாடை நாடா கட்டும் இடம், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, அக்குள் என்று தேடிப் போய் உட்காருகிறது.

சரி, அந்தக் களிம்பு மூன்று நாளில் வேலை செய்தது எப்படி? கடையில் இப்படிக் கொடுக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பும் சிவப்பும் பூஞ்சணம் நேரடியாகச் செய்வதல்ல. உள்ளே வந்த எதிரியோடு நம் உடம்பு போடும் சண்டையின் அடையாளம் அது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. அரிப்பு அடங்குகிறது, சிவப்பு மறைகிறது, பூஞ்சணம் மட்டும் சாகவில்லை. காவலுக்கு இருந்த நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, குரைப்புச் சத்தம் நின்றது என்று நிம்மதியாகத் தூங்குவது போன்றது இது. ஆடுகள் மேய்ந்துகொண்டேதான் இருக்கும். களிம்பை நிறுத்தியதும் காவல் திரும்ப வருகிறது. அப்போது பார்த்தால் நோய் இரு மடங்கு இடத்தைப் பிடித்திருக்கிறது.

இந்தக் களிம்புகளில் பூஞ்சணக் கொல்லியும் கலந்திருக்கும், அது போதாதா என்று கேட்கலாம். மூன்று நாள் போட்டு நிறுத்துவதால் அதுவும் பயன்படுவதில்லை. பூச்சிமருந்தை அரை அளவில் அடித்தால் பூச்சி பழகிப்போவது உங்களுக்குத் தெரியும். இங்கேயும் அதேதான். டெர்பினாஃபின் போன்ற, முன்பு எளிதில் பலன் தந்த மருந்துகளுக்கு அசையாத படர்தாமரை இன்று இந்தியா முழுவதும் தோல் மருத்துவர்களுக்குத் தலைவலியாக இருக்கிறது.

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு தடவினால் தோல் மெலிந்து காகிதம் போல ஆகும். தொடையிலும் அக்குளிலும் பிள்ளை பெற்ற வயிற்றில் வருவது போல வரிகள் விழும். படர்தாமரை போன பிறகும் அந்த வரிகள் போகாது. முகத்தில் போட்டால் பரு, சிவப்பு, முடி வளர்ச்சி எல்லாம் வரும். குழந்தையின் தோல் மெல்லியது, மருந்து எளிதில் உள்ளே இறங்கும். ஆகவே அந்த டியூபை மகளுக்கு ஒரு நாள்கூடப் போடாதீர்கள்.

டியூபின் மேல் உள்ள பெயர்களை வீட்டில் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. 2018-ல் மத்திய அரசு இந்த வகைக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. இவை கெட்ட மருந்துகள் அல்ல, வேறு சில தோல் நோய்களுக்கு மருத்துவர் அளவோடு எழுதித் தருவார். படர்தாமரைக்கு மட்டும் ஆகாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை:

1. மூன்று பேரும் ஒரே நாளில் மருத்துவரிடம் போங்கள். ஒருவர் மட்டும் குணமானால் மற்றவரிடமிருந்து திரும்பத் தொற்றும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. அவர்கள் தினமும் பார்க்கிற நோய் இது. பழைய டியூபை மறக்காமல் எடுத்துப் போய்க் காட்டுங்கள். மறைத்தால் சரியான மருந்து கிடைக்காது.

2. ஸ்டீராய்டை நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும். அங்கேதான் பலரும் பயந்து மறுபடி அந்த டியூபையே எடுக்கிறார்கள். அரிப்பைத் தணிக்க மாத்திரை இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

3. பூஞ்சணக் கொல்லிக் களிம்பை வட்டத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியே தொடங்கி, உள்நோக்கித் தடவுங்கள். நோய் வளர்வது விளிம்பில்தான். மாத்திரையும் களிம்பும் வாரக்கணக்கில், சிலருக்கு இரண்டு மாதம்கூடத் தேவைப்படும். தோல் தெளிந்த பிறகும் மருத்துவர் சொல்லும் நாள்வரை தொடருங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, பால் கொடுத்தாலோ, கல்லீரல் நோய் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. வயலிலிருந்து வந்ததும் குளித்து, இடுக்குகளை நன்றாகத் துடைத்து, ஈரம் போன பிறகு துணி உடுத்துங்கள். ஆளுக்கு ஒரு துண்டு. நார் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

5. நோய் உள்ளவரின் துணியைத் தனியாக வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உட்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் காயப் போடுங்கள். கூச்சப்பட்டு உள்ளாடையை மறைவில், நிழலில் காயப்போடுவது நோய்க்குத்தான் வசதி.

6. அரைஞாண் கயிறு இருந்தால் குணமாகும்வரை கழற்றிவிடுங்கள். எப்போதும் ஈரமாக இருக்கும் கயிறு நோயைத் தங்கவைக்கும். பாவாடை நாடாவையும் இறுக்கிக் கட்ட வேண்டாம்.

7. திரும்பத் திரும்ப வந்தால் பெரியவர்கள் இருவரும் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள்.

சீமை அகத்தி இலையை அரைத்துப் போடலாமா என்று வேறு இருவர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு வண்டுகொல்லி என்றும் பெயர். பூஞ்சணத்தை அடக்கும் குணம் அதில் உண்டு. ஆனால் பல இடங்களில் பரவி, ஸ்டீராய்டும் பட்ட படர்தாமரைக்கு அது போதாது. பூண்டை நசுக்கி வைத்துக் கட்டுவது தோலைப் பொசுக்கிவிடும், அதைச் செய்யவே வேண்டாம்.

“எங்கள் கன்றுக்குட்டிக்குக் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் முடி கொட்டி, சாம்பல் பூத்தது போல் தடிப்பாக இருக்கிறது. இப்போது என் முன்கையிலும் வட்டமாக வந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?”
- ஒரு வாசகர், காங்கேயம்.

உண்டு. கன்றுகளுக்கு வரும் படர்தாமரை மனிதருக்கும் தொற்றும். மாட்டிலிருந்து வருவது பெரும்பாலும் கை, முகம், தாடிப் பகுதியில் வீக்கத்தோடு சிவந்து வரும். கன்றைத் தனியாகக் கட்டி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கன்றுக்குச் சில மாதத்தில் தானாகவே ஆறுவதும் உண்டு. ஆனால் கட்டுத்தறி, மரக்கட்டை, தேய்க்கும் பிரஷ் ஆகியவற்றில் பூஞ்சண வித்துகள் நெடுநாள் உயிரோடு இருக்கும். கையுறை போட்டுத் தொடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகள் கன்றைக் கட்டிப்பிடித்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கையை மருத்துவரிடம் காட்டும்போது கன்றுக்கு இருப்பதையும் சொல்லுங்கள்.

“நாற்று நடவு முடிந்தால் ஒவ்வொரு வருஷமும் விரலிடுக்கில் சேற்றுப்புண். வராமல் தடுக்க முடியுமா?”
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி.

பெரும்பாலும் தடுக்கலாம். சேற்றில் இறங்குமுன் விரலிடுக்கில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ கனமாகத் தடவுங்கள், தண்ணீர் தோலில் ஊறுவது குறையும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு இடுக்கையும் துணியால் ஒற்றி எடுங்கள். பலரும் கழுவுவதோடு நிறுத்திவிடுகிறார்கள், துடைப்பதில்லை. பாதி நோய் அந்த ஈரத்தில்தான் இருக்கிறது. தோல் வெள்ளையாக ஊறி, வெடித்து, நாற்றம் வந்தால் இரண்டு மூன்று நாளாவது சேற்றில் இறங்காமல் மருந்து போட வேண்டும். கால் வீங்கினாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனை போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் சிறு வெடிப்பையும் சும்மா விடக் கூடாது.

“படை வந்தால் கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் தள்ள வேண்டும் என்கிறார்கள். உண்மையா?”
- ஒரு வாசகர், ஆத்தூர்.

படர்தாமரை வெளியிலிருந்து ஒட்டுவது. கத்தரிக்காயை நிறுத்தினால் போகாது, சாப்பிட்டால் வளராது. ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்து அரிக்கிறது என்றால் அது ஒவ்வாமை, அதை மட்டும் தள்ளுங்கள். மற்றபடி தோல் புரதத்தால் ஆனது. பருப்பு, நிலக்கடலை, முட்டை, மீன் வேண்டும். முருங்கைக்கீரை, பப்பாளி, நெல்லிக்காய், கொய்யா எல்லாம் நம் வரப்பிலேயே கிடைக்கின்றன. விளைந்ததை எல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் ரசமும் ஊறுகாயுமாகப் பத்தியம் இருந்தால் தோலுக்கும் நல்லதில்லை, உடம்புக்கும் நல்லதில்லை.

“முதுகில் ஒரு வெளிறிய தேமல். அரிப்பே இல்லை. தொந்தரவு இல்லாததால் விட்டுவிடலாமா?”
- ஒரு வாசகர், செய்யாறு.

விட்டுவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவரைப் பஞ்சால் அந்த இடத்தை லேசாகத் தொடச் சொல்லுங்கள். தொடுவது தெரிந்தால் பெரும்பாலும் சாதாரணத் தேமல்தான். தெரியாவிட்டால் தொழுநோயாக இருக்க வாய்ப்பு உண்டு. அரிப்பும் வலியும் இல்லாததுதான் அதன் ஆபத்து. தொடுவது தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இலவசம். நோயின் அளவைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் முழுவதும் குணமாகும். சீக்கிரம் தொடங்கினால் கை கால் ஊனம் வராது. யாரும் யாரையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

அடுத்த இதழில் மருந்து தெளிக்கும்போது தோலுக்கும் கண்ணுக்கும் வரும் பாதிப்புகளைப் பார்ப்போம். உங்கள் கேள்விகளை எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். ஆனால் என்ன மருந்து போட்டீர்கள், எத்தனை நாள் போட்டீர்கள் என்பதை மட்டும் விடாமல் எழுதுங்கள்.