அந்தக் காலம் அப்படித்தானாம்!

ஜாக் லெஸ்லியின் கதையைச் சொல்ற எல்லாரும் கடைசியில ஒரே இடத்தில வந்து நிக்கினம்: "என்ன செய்யிறது, அந்தக் காலம் அப்படி." கேட்க நியாயம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் இது குற்றவாளியைத் தப்பவிடுகிற வசனம்.

லெஸ்லி 1901இல் லண்டன் கனிங் டவுனில் பிறந்தவர். அப்பா ஜமைக்காக்காரர், அம்மா ஆங்கிலேயர். 1921இல் பிளைமவுத் ஆர்கைல் கழகத்தில் சேர்ந்து, சுமார் 400 போட்டிகளில் 137 கோல்கள் அடித்தார். அணித்தலைவராகவும் இருந்தார்.

1925இல் மனேஜர் பொப் ஜாக் அவரைக் கூப்பிட்டு, இங்கிலாந்து அணிக்குத் தெரிவாகியிருப்பதாகச் சொன்னார். ஊரே கொண்டாடியது. கொஞ்ச நாளில் அவர் பெயர் இல்லை. அந்த இடத்தில் அஸ்டன் வில்லாவின் பில்லி வோக்கர். காரணம் யாரும் சொல்லவில்லை. தெரிவுக்குழு ஆட்கள் தன்னுடைய ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை, முகத்தைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்று லெஸ்லியே பிற்காலத்தில் சொன்னார். ஒக்டோபர் 24 அன்று பெல்பாஸ்ட்டில் அயர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதே நாள் பிளைமவுத் 7-2 என்று போர்ண்மவுத்தை வென்றது. அதில் லெஸ்லிக்கு இரண்டு கோல்.

"அவர் மூன்றாம் பிரிவு ஆட்டக்காரர்தானே" என்று சிலர் இழுப்பினம். அதே 1925இல், அதே பிரிவில் விளையாடிய பிரைட்டனின் டொமி குக்கை இங்கிலாந்துக்கு எடுத்தார்களே, அது எப்படி? பிரிவுதான் தடை என்றால் லெஸ்லியை முதலில் ஏன் தெரிவு செய்தார்கள்? நடுவில மாறினது அவருடைய பிரிவு இல்லை. அவருடைய நிறம் அவர்களுக்குத் தெரிய வந்ததுதான்.

இப்ப காலத்துக்கு வருவம். லெஸ்லியை வாங்கிய கழகமும், தலைவராக ஏற்றுக்கொண்ட சக வீரர்களும், கைதட்டிய பிளைமவுத் சனமும் வாழ்ந்தது எந்தக் காலம்? அதே 1925தான். காலம் எல்லாருக்கும் ஒன்றுதான். வேறாக இருந்தது அதிகாரம். அப்போது இங்கிலாந்து அணிக்கு மனேஜர் கிடையாது. உதைபந்தாட்டச் சங்கத்தின் குழுதான் தெரிவு செய்யும். குழு முடிவெடுத்தால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்காது. அந்த வெற்றிடத்தைத்தான் நாங்கள் "காலம்" என்ற சொல்லால நிரப்புறம்.

விளைவு? இங்கிலாந்து முழு அணியில் முதல் கறுப்பின வீரராக விவ் அண்டர்சன் இறங்க 1978 ஆனது. 53 வருசம்! அதற்குள் லெஸ்லி ஓய்வு பெற்று, கொதிகலன் வேலைக்குப் போய், முதுமையில் வெஸ்ட் ஹாமில் மற்ற வீரர்களின் சப்பாத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். 1988இல் இறந்தார்.

2022இல் பிளைமவுத்தில் சிலை வைத்தார்கள். அதற்குக் காசு சேர்த்தது ரசிகர்களும் பொதுமக்களும். 2023இல் சங்கம் கௌரவத் தொப்பி கொடுத்தது, அவர் இறந்து 35 வருசத்துக்குப் பிறகு. நல்லது, கொடுக்கட்டும். ஆனால் அவரை "மறக்கப்பட்ட வீரர்" என்று மட்டும் எழுதாதேங்கோ. அவரை யாரும் மறக்கவில்லை. முகத்தை நல்லாப் பார்த்து, யோசித்துத்தான் பெயரை வெட்டினார்கள். வெட்டியது காலம் இல்லை, மனுசர்.