சர்வர் எங்கே போனான்?

அப்பாவுக்கு வயது 76. மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். சென்னைக்கு வந்துவிடுங்கள் என்றால், "அங்கே வந்து பால்கனியில துணி மாதிரி தொங்கணுமா?" என்பார். துணைக்கு ஓர் ஆள் வைக்கிறேன் என்று சொன்னதற்கு அவர் தந்த பதிலைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

ஆகவே, கேமரா!

கடையில் கிடைக்கும் ரெடிமேட் கேமராவை வாங்கி மாட்டிவிட்டு வந்திருக்கலாம். அப்பா ஒரு கண்டிஷன் போட்டார். "நான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது எந்தக் கம்பெனிக்கும் போகக்கூடாது. நீ மட்டும் பார்த்தா சரி."

நியாயமான கோரிக்கை. அதனால் ராஸ்பெர்ரி பை என்கிற, சீட்டுக்கட்டு சைஸ் கம்ப்யூட்டரை வாங்கினேன். 2012-ல் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த சரக்கு. பி.காம். படித்தவர்களும் பிழைக்கலாம் போலிருக்கிறது. அதில் ஒரு கேமரா. பின்கட்டுக் குழாயடியில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒரு காலிங்பெல் ஸ்விட்ச். விழுந்தால் கை எட்ட வேண்டுமே! அமுக்கினால் என் போனுக்கு மெசேஜ் வரும்.

வீடியோ அனுப்ப ஜிஸ்ட்ரீமர் என்று ஓர் இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. 1999-லிருந்து வளர்ந்து வருகிற சமாசாரம். அதோடு ஒரு ஆர்.டி.எஸ்.பி. சர்வரும் கிடைக்கிறது. ஆர்.டி.எஸ்.பி. என்பது 1998-ல் கொலம்பியா பல்கலைக்கழகம், நெட்ஸ்கேப், ரியல்நெட்வொர்க்ஸ் ஆட்கள் சேர்ந்து எழுதிய விதிமுறை. பழைய வி.சி.ஆர். ரிமோட் மாதிரி. என் போன் "ப்ளே" என்று கேட்கும், மன்னார்குடியில் இருக்கிற சர்வர் படம் காட்டும். "பாஸ்" என்றால் நிற்கும்.

கேமராவைத் தனியாகச் சோதித்தேன். படம் வந்தது. ஸ்விட்சைத் தனியாகச் சோதித்தேன். மெசேஜ் வந்தது. இரண்டு புரோகிராமையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி ஒரே புரோகிராம் ஆக்கினேன். போனில் பார்த்தேன்... ஈஸிசேரில் அப்பா, பளிச்சென்று. ஆஹா! பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன். ஒட்டிய பிறகு ஸ்விட்சை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேனா? பார்க்கவில்லை.

பதினோராம் நாள் விடியற்காலை ஐந்தேகாலுக்கு அப்பா குழாயடியில் வழுக்கி விழுந்தார். ஸ்விட்சை அமுக்கியிருக்கிறார். ஒரு தடவை இல்லை, விடாமல். நான் அன்றைக்கு எதேச்சையாக அஞ்சரைக்கே எழுந்து போனில் கேமராவைப் பார்த்தேன். காலியான ஈஸிசேர் துல்லியமாகத் தெரிந்தது. வாக்கிங் போயிருப்பார் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குப் பால்காரம்மா வந்து தூக்கியிருக்கிறார். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் அலறியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அப்பா திட்டவில்லை. "பெல்லை அமுக்கினேன்டா. பெல்லுக்கும் உன்னை மாதிரியே வேலை இருந்துதோ என்னவோ" என்றார். திட்டியிருக்கலாம்.

அக்கா பையன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். தாத்தாவைப் பார்க்க வந்தவன், என் புரோகிராமை ஒரு நிமிஷம் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இதற்கு முன்னால் ஆடிட்டர்களிடம்தான் பார்த்திருக்கிறேன்.

"மாமா, 'லூப் ரன்'னு ஒரு வரி இருக்கு பாருங்க. அதுக்குக் கீழே நீங்க எழுதின எதுவுமே இத்தனை நாளா ஓடவே இல்ல."

"ஏண்டா?"

"நீங்க ஹோட்டல் முதலாளின்னு வெச்சுக்குங்க. கல்லாவுல உட்காரணும். சப்ளையும் பண்ணணும். நீங்களே தோளில துண்டைப் போட்டுக்கிட்டு உள்ளே போயிட்டீங்க. 'யாருக்கு என்ன வேணும்? அடுத்தது யாரு?'ன்னு சுத்திச் சுத்தி வர்றீங்க. அதான் ஈவென்ட் லூப். யாரும் கூப்பிடலேன்னா சுவத்துல சாஞ்சு தூங்கும். கூப்பிட்டா முழிச்சு ஓடும். யாராவது 'போதும் நிறுத்து'ன்னு சொல்றவரைக்கும் வெளியே வராது. கல்லாவுல யாரு?"

யாருமில்லை. அந்தக் கல்லாவில்தான் அப்பா பெல் அடித்துக்கொண்டிருந்தார்.

வழிகாட்டிப் பக்கங்களில் உள்ள உதாரண புரோகிராம்களில் 'லூப் ரன்' கடைசி வரியாகவே இருக்கும். அங்கே தப்பே இல்லை. கீழே இடம் காலியாக இருக்கிறதே என்று வீடு கட்டியவன் நான்.

வைத்தியம் என்ன? சப்ளைக்குத் தனி ஆள் போட வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தத் தனி ஆளுக்கு த்ரெட் என்று பெயர். பைத்தானில் இரண்டு வரிகூட இல்லை. ஒரு த்ரெட்டை உண்டாக்கி, "உன் வேலை லூப் ரன்" என்று சொல்லி ஸ்டார்ட் கொடுத்தால், சர்வர் பின்னணியில் சுற்றிக்கொண்டிருப்பார். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பெல்லைக் கவனிக்கலாம்.

"பைத்தான்ல ஒரே நேரத்தில ஒரு த்ரெட்தானே ஓடும்னு படிச்சேனே?" என்றேன், அரைகுறை அறிவைக் காட்டிக்கொள்ளாவிட்டால் தூக்கம் வராது.

"ரெண்டு குமாஸ்தா, ஒரே பேனா மாமா. சாதாரண பைத்தான் அப்படித்தான். ஆனா லூப் தூங்கறப்போ பேனாவை மேஜை மேல வெச்சுட்டுத்தான் தூங்கும்."

எங்கள் பழைய ஆபீஸில் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு தூங்குகிறவர்கள் இருந்தார்கள்.

ஸ்விட்ச் வேலையையும் அந்த லூப்பிடமே ஒப்படைத்திருக்கலாமே என்று கேட்டேன். ஒப்படைக்கலாமாம். ஆனால் மெசேஜ் அனுப்பும்போது நெட் சுணங்கினால் அந்தப் பத்து விநாடியும் லூப் நின்றுவிடும். புதிதாக யார் படம் கேட்டாலும் பதில் வராது. ஆகவே தனி ஆள்தான் சரி.

ஆள் போட்டால் ஆளோடு கூடவே வருகிற பிரச்னைகளும் உண்டல்லவா? ராத்திரி கடையைச் சாத்தும்போது சர்வர் உள்ளேயே இருந்தால் ஷட்டர் இறங்காது. த்ரெட் முடியாமல் புரோகிராமும் முடியாது. 'டீமன்' என்று முத்திரை குத்திவிட்டால் முதலாளி போனதும் சர்வரும் அப்படியே காலி, கையில் தட்டு இருந்தாலும் சரி. மரியாதையான முறை, லூப்பிடம் 'க்விட்' சொல்லிவிட்டு, 'ஜாயின்' போட்டு அவர் வெளியே வரும்வரை வாசலில் நிற்பது. 'க்விட்'டை வேறு த்ரெட்டிலிருந்து சொல்லலாம், தப்பில்லை.

இன்னொன்று. முதலாளி பாட்டுக்கு உள்ளே புகுந்து சர்வர் கையிலிருக்கும் தோசையைப் பிடுங்கக்கூடாது. சில இடத்தில் ஒத்துக்கொள்ளும், சில இடத்தில் என்றைக்காவது ஒருநாள் காலை வாரும். சீட்டு எழுதி வைக்க வேண்டும். 'ஐடில் ஆட்' என்று அதற்கு வழி இருக்கிறது. லூப் ஓய்வாக இருக்கும்போது சீட்டை எடுத்துச் செய்துமுடிக்கும். பெல் அடித்ததும் படத்தின் மேல் 'பெல்' என்று எழுத்து வரட்டும் என்று நானும் ஒரு சீட்டு எழுதினேன். அந்தச் சீட்டின் கடைசியில் 'ஃபால்ஸ்' என்று பதில் வந்தால் வேலை முடிந்தது, சீட்டைக் கிழித்துப் போடும். நான் 'ட்ரூ' என்று எழுதித் தொலைத்தேன். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று நிற்காமல் செய்துகொண்டே இருந்தது. ராஸ்பெர்ரி பை மேல் தோசையே வார்த்திருக்கலாம், அத்தனை சூடு!

எல்லாம் சரியாகி பெல்லை அமுக்கினேன். மெசேஜ் வந்தது. ஊருக்குக் கிளம்பப் பையை எடுத்தேன்.

"மாமா, போன தடவை பெல் செத்துது. இந்தத் தடவை சர்வர் செத்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பையைக் கீழே வைத்தேன்.

பின்னணியில் ஓடுகிற த்ரெட்டுக்கு இந்தக் குணம் உண்டு. உள்ளே கோளாறாகி நின்றுவிட்டால் எங்கேயோ ஒரு மூலையில் நாலு வரி புலம்பலை எழுதிவிட்டு அடங்கிவிடும். முதல் த்ரெட் ஒன்றுமே நடக்காத மாதிரி கல்லாவில் உட்கார்ந்திருக்கும். 'உயிரோடு இருக்கிறாயா?' என்று த்ரெட்டைக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் உயிரோடு இருப்பதும் வேலை செய்வதும் வேறு வேறு என்று ஆபீஸ் போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லூப் எங்கேயாவது மாட்டிக்கொண்டு நின்றாலும் 'இருக்கிறேன்' என்றுதான் பதில் வரும்.

அதனால் பையன் ஒரு ஏற்பாடு செய்தான். லூப் பத்து விநாடிக்கு ஒருமுறை மணி பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். லூப்பே தன் கையால். கல்லாவில் இருப்பவர் அந்தக் குறிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார். முப்பது விநாடிக்கு மேல் பழசாகிவிட்டால் எனக்கு மெசேஜ்.

"கல்லாவே செத்தா?"

பையன் யோசித்தான். ஈஸிசேரிலிருந்து அப்பா, மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு சொன்னார். "காலையில ஆறு மணிக்குக் காபி குடிச்சதும் நானே ஒரு தரம் அமுக்கறேன். அது வந்தா பெல்லும் இருக்கு, நானும் இருக்கேன்."

யாரும் ஒன்றும் பேசவில்லை. பையன் எழுந்து போய் ஸ்விட்சை ஒரு துணியால் துடைத்தான்.

மாவுக்கட்டுப் பிரித்து நாலு மாதம் ஆகிறது. தினமும் ஆறு மணிக்கு மெசேஜ் வருகிறது. முந்தாநாள் வரவில்லை. ஆறு ஐந்து... ஆறு பத்து... கேமராவில் ஈஸிசேர் காலி. பால்காரம்மாவின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஆறு இருபத்திரண்டுக்கு மெசேஜ் வந்தது. உடனே போன் போட்டேன்.

"ஏம்ப்பா இவ்வளவு லேட்டு?"

"பால் லேட்டுடா. காபி குடிச்சப்புறம்தானே அமுக்கணும்னு பேச்சு?"