தாய் ஊற்றிய நீர்

பெண்ணின் எதிர்ப்பு என்றவுடன் மேடையில் முழங்கும் குரலையே பலரும் எண்ணுவர். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' காட்டும் எதிர்ப்பு அடங்கிய குரலில் நிகழ்வது. 1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் வெளிவந்து, வாசகரிடையே பெரும் சர்ச்சையை எழுப்பிய சிறுகதை அது. மழைநாளில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவி, அவனால் வஞ்சிக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் ஒரு கைம்பெண். முதலில் அவளும் மகளை அடிக்கவே செய்கிறாள். அக்கம்பக்கத்தார் வினவும்போதோ உண்மையை மறைத்துவிடுகிறாள். பின்னர் மகளின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூயவள் என்கிறாள். கற்பு குறித்து ஊர் எழுதி வைத்த சட்டம் அந்த வீட்டுக்குள் அன்றே செல்லாததாகிறது.

அச்செயலிலும் எனக்கொரு நெருடல் உண்டு. குற்றம் இழைத்தவன் காரில் சென்றுவிட்டான். மகளின்மேல் படியாத அழுக்கைக் கழுவ நீர் எதற்கு?

தாய் ஊரறியக் கதறியிருந்தால் என்னவாகும்? அதையே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாக்கினார் ஜெயகாந்தன். சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் இது. அண்ணன் கங்காவை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். அவள் படிக்கிறாள், அலுவலராகிறாள், தன் ஊதியத்தில் தாயையும் காக்கிறாள். கல்வியும் வேலையும் வாய்த்தால் பெண்ணுக்கு விடுதலை வந்துவிடும் என்போர் (பாடநூல்களில் நாங்களும் அவ்வாறே எழுதுகிறோம்) கங்காவைப் படிக்க வேண்டும். அவள் படிக்க உதவிய மாமாவே அந்த ஒரு நாளை வைத்துத்தான் அவளை மதிப்பிடுகிறார்.